காவ் டிங்கைத் தவிர

கைஃபெங், நரம்பெடுப்போர் சந்து
சியென்லுங் பேரரசரின் ஒன்பதாம் ஆண்டு, இரண்டாம் மாதம்

கணவர் ஜின் பாவ்லின் அவர்களுக்கு வான்ரூ வணங்கி எழுதுவது. நான் நலம். துணிக்கடையும் நலம். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதே நேற்றுத்தான் தெரிந்தது. அதனால் நலமா என்று கேட்கும் பாக்கியம் இன்றுதான் கிடைத்திருக்கிறது. நலமா?

சியான் சந்தையில் துணியை விற்றுவிட்டு முதல் பனி விழுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனீர்கள். பனி விழுந்து, உருகி, சந்தெல்லாம் சேறாகி, அந்தச் சேறும் காய்ந்துவிட்டது. கொள்ளைக்காரன் அடித்துப் போட்டிருப்பான், ஏதோ சத்திரத்தில் காய்ச்சலில் கிடப்பீர்கள், மஞ்சள் ஆறு கொண்டுபோயிருக்கும் என்று நான் நினைக்காத சாவு இல்லை. ஓய்வுநாள்தோறும் நம் யூத ஆலயத்தில், புனித நகரம் இருக்கும் மேற்கே பார்த்து நின்று உங்களுக்காக அழுதேன். நீங்களும் மேற்கேதான் இருந்திருக்கிறீர்கள், மலைமேல் காற்று வாங்கிக்கொண்டு.

கோவேறு கழுதைக்கார மா வந்து சொன்னார். கடை வாசலில் நின்று தொப்பிக்குள் விரலை விட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரப் பாத்தேன். ஹுவா மலையில சாமியாருங்க மடத்துல இருக்காரு. முடிய உச்சியில முடிஞ்சு மரக்குச்சி குத்தியிருக்காரு."

"அங்க என்ன பண்றாரு?"

"ஒண்ணும் பண்ணலக்கா. அதத்தான் அங்க எல்லாரும் பண்றாங்க."

"பொம்பள யாராச்சும்..."

"ஐயோ, நீங்க வேற. அங்க காக்கா கூட ஆம்பளக் காக்காதான்."

நம் பெண் நிங்கை அம்மை கொண்டுபோய் அரை வருடம் ஆவதற்குள் நீங்கள் மூட்டை கட்டினீர்கள். வியாபாரம் என்றீர்கள், நம்பினேன். இப்போது இந்த வீட்டில் நான் ஒருத்திதான் மூச்சு விடுகிறேன். பஸ்காத் திருநாளுக்குள் வந்துவிடுங்கள். திட்ட மாட்டேன். திட்டினாலும் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மலைக் குளிர் உங்கள் மார்புக்கு ஆகாது. போர்த்திக்கொள்ளுங்கள். மா திரும்பும்போது பதில் கொடுத்தனுப்பவும்.

உங்கள் மனைவி
ஷி வான்ரூ


ஹுவா மலை
நான்காம் மாதம்

வான்ரூவுக்கு, முன்பு ஜின் பாவ்லின் என்று அழைக்கப்பட்டவன் எழுதுவது. நலம், நலமின்மை என்று பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று இங்கே சொல்கிறார்கள். நீ கேட்டதால் சொல்கிறேன். இருமல் இருந்தது, போய்விட்டது.

சியானிலிருந்து திரும்பும்போது மழைக்கு இந்த மடத்தில் ஒதுங்கினேன். முற்றத்தில் ஒரு பெரியவர் கிணற்றில் தண்ணீர் இறைத்து, அதைத் திரும்ப அதே கிணற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார். "எதுக்குங்க இது?" என்று கேட்டேன். "வேணும்னு தோணிச்சு, எறச்சேன். வேண்டாம்னு தெரிஞ்சுது, ஊத்திட்டேன்" என்றார். அன்று நான் நன்றாகத் தூங்கினேன். நெடுநாளுக்குப் பிறகு வந்த தூக்கம். மறுநாள் கிளம்ப மனம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

எதையும் விரும்பாதவனிடமிருந்து எதையும் பிடுங்க முடியாது, வான்ரூ. இதைத் தெரிந்துகொள்ளாமல் இத்தனை வருடம் துணி அளந்திருக்கிறேன். நம் முன்னோர்கூட ஆலயத்துக் கல்லில் 'வழி' என்றுதான் வெட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே சொல்வதும் வழிதான். ஆனால் இந்த வழிக்குக் கோபம் கிடையாது. நீ எனக்கு மட்டும்தான் என்று அது யாரிடமும் கேட்பதில்லை. தினமும் காலையில் உட்கார்ந்து மறக்கிறோம். முதலில் ஊர், அப்புறம் பெயர், அப்புறம் உடம்பு.

வீடும் கடையும் உன்னுடையவை. எனக்கு ஒன்றும் வேண்டாம். எனக்கு இங்கே சிங்ஷூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமைதி, வெறுமை என்று பொருள்.

நீயும் அமைதியாக இரு.

சிங்ஷூ


கைஃபெங்
ஐந்தாம் மாதம்

அமைதிக்கும் வெறுமைக்கும் வான்ரூவின் வணக்கம். இங்கே அமைதியும் இல்லை, வெறுமையும் இல்லை. எலி இருக்கிறது, வெயில் இருக்கிறது, நான் இருக்கிறேன். இருமல் போனது பற்றி மகிழ்ச்சி.

ஒரு பெண்ணோடு ஓடிப்போயிருந்தால் நான் தேடி வந்து அவள் கூந்தலைப் பிடித்து இழுத்திருப்பேன். அவள் என்னைவிட அழகா, சமையல் நன்றாக வருமா என்று பார்த்து மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். நீங்கள் ஒன்றுமில்லாததோடு ஓடிப்போய்விட்டீர்கள். அதை எங்கே பிடித்து இழுப்பது? எனக்கு வயிறு எரிகிறது. காலையில் நீங்கள் உட்காரும் அந்தக் கல்லைக் கண்டால் எரிகிறது. கிணற்றில் தண்ணீரைத் திருப்பி ஊற்றும் அந்தக் கிழவரைக் கண்டால் எரிகிறது. காணாமலே எரிகிறது.

என்னை மறக்க எத்தனை காலைப்பொழுது பிடித்தது? ஊரோடு சேர்த்தே மறந்துவிட்டீர்களா, தனியாக உட்கார வேண்டியிருந்ததா? நிங்கைப் பற்றி எழுதியிருந்தேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

நம் தெய்வம் மலையில் தன்னைப் பற்றிச் சொன்னபோது, நான் பொறாமைக்காரன் என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டது. சின்ன வயதில் அது எனக்குப் புரியவில்லை. வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு என்ன பொறாமை வேண்டிக்கிடக்கிறது? இப்போது புரிகிறது. தன்னுடையது கைவிட்டுப் போகும்போது வயிறு எரியாவிட்டால் அது தன்னுடையதாக இருந்ததே இல்லை. உங்கள் வழிக்கு நீங்கள் வந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். அது உங்களைத் தேடி வாசலில் நிற்காது. நான் நின்றேன்.

ஊர்ச் செய்தி என்று சொன்னால், திருநாளுக்கு ஆடு அறுத்தோம். நம் சட்டம் தின்னக்கூடாது என்கிற தொடை நரம்பை எடுக்க காவ் டிங் வந்தார். உங்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து வேதம் படித்தவர். எனக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளையும் அவர்தான். அவரையும் காலையில் மறந்துவிட்டீர்களோ என்னவோ, அதனால் சொல்கிறேன். அவர் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கத்தியைத் துடைத்துவிட்டு மேலே பார்த்தார். "அண்ணி, கூரை ஒழுகும் போலிருக்கே. ஏணி எங்க?" என்றார். மழைக்கு முன் ஓடு மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு கிண்ணம் ஆட்டுக்கறி ரசம் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆண்பிள்ளையைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது!

காற்று மட்டும் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வான்ரூ


ஹுவா மலை
ஆறாம் மாதம்

வான்ரூவுக்கு. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கோபத்தை ஓடையில் இலை போவதைப் பார்ப்பது போலப் பார்த்தேன். அது வந்தது, போனது. இங்கே பைன் மரங்களில் காற்று வீசுகிறது. மடத்தில் ஒரு வேளை கஞ்சி, ஒரு வேளை முள்ளங்கி. முள்ளங்கியில் எடுக்க வேண்டிய நரம்பு இல்லாததால் நம் சட்டத்தையும் நான் மீறவில்லை.

இலையுதிர்காலத்துக்குப் பிறகு எனக்குத் தீட்சை கொடுப்பார்கள். அதன்பின் கடிதம் எழுதும் தேவையும் உதிர்ந்துவிடும் என்று மடத்து மூத்தவர் சொல்கிறார்.

சிங்ஷூ

பின்குறிப்பு: எந்தப் பக்கத்துக் கூரை ஒழுகியது? வடக்குப் பக்கமாக இருந்தால் ஓட்டுக்காரன் சன் இருக்கிறானே, அவனைக் கூப்பிட்டிருக்கலாமே. காவ் டிங்குக்குச் சின்ன வயதிலிருந்தே ஏணி ஏறத் தெரியாது. விழுந்து கையைக் காலை உடைத்துக்கொள்ளப் போகிறான் என்பதற்காகச் சொன்னேன். வேறொன்றுமில்லை.


கைஃபெங்
ஏழாம் மாதம்

கணவர் அவர்களுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். மேலே எழுதியிருந்ததை ஒரு தரம் படித்தேன். பின்குறிப்பை மூன்று தரம் படித்தேன்.

வடக்குப் பக்கம்தான். ஓட்டுக்காரன் சன் கூலி கேட்பான், காவ் டிங் ரசம் கேட்டார். ஏணி நன்றாகவே ஏறுகிறார். நீங்கள் சொல்வது சின்னப் பையனை, இப்போது தோள் இரண்டும் அகன்றுவிட்டன. கூரைக்கு அப்புறம் பின்கதவு, பின்கதவுக்கு அப்புறம் கிணற்று உருளை. இந்த வீட்டில் இவ்வளவு பழுது இருந்தது எனக்கே தெரியாது. இப்போதெல்லாம் அவர் என்னை அண்ணி என்று கூப்பிடுவதில்லை. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடுவதில்லை. கனைக்கிறார், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

பக்கத்து வீட்டு அய் அக்காவை உங்களுக்குத் தெரியும். வாயில் பேரீச்சைக் கொட்டையை ஒதுக்கிக்கொண்டு நேற்று வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி வான்ரூ, மலைமேல இருக்கறவன் ஒன்ன வேணாங்கறான். ஏணிமேல இருக்கறவன் வேணுங்கறான். இதுல யோசிக்க என்னடி இருக்கு?"

"வேணும்னு யாரு சொன்னா?"

"ஒங்கிட்ட சொல்ல பயமாம். எங்கிட்ட சொன்னான். ஒனக்கு விலக்குச் சீட்டு வந்துச்சுன்னா கேப்பானாம். வராம கேட்டா பாவமாம். நல்ல பையன்டி."

யோசித்துப் பார்த்தேன். நான் கட்டினவளும் இல்லை, அறுத்தவளும் இல்லை. நம் சட்டப்படி கணவன் கைப்பட எழுதிக் கொடுத்தால்தான் மனைவிக்கு விடுதலை. எட்டாம் மாதம் ஜாவ் காங்கும் ஜாங் மின்னும் சியான் சந்தைக்கு வருகிறார்கள். இருவரும் நம் ஆட்கள், உறவில்லாதவர்கள், சாட்சிக்கு ஆகும். மலை ஏறி வரச் சொல்லியிருக்கிறேன். ஊரை மறந்தீர்கள், பெயரை மறந்தீர்கள், உடம்பையும் மறந்தாயிற்று. மிச்சம் இருப்பது நான்தான். எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆசையில்லாதவருக்கு இது ஒரு வேலையா?

மழைக்காலம் வருகிறது. பாறையில் உட்கார வேண்டாம்.

வான்ரூ


ஹுவா மலை
எட்டாம் மாதம்

வான்ரூவுக்கு, நலம் விழைந்து.

ஜாவும் ஜாங்கும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். நீ கேட்டதை நம் வேதத்தின் புனித மொழியில் நானே எழுதினேன். சின்ன வயதில் கற்றது கையை விட்டுப் போகவில்லை. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களே கொண்டுவந்து உன்னிடம் சேர்ப்பார்கள்.

எழுதும்போது ஒரு சொட்டு மைகூடச் சிந்தவில்லை. மனதிலும் ஒன்றும் அசையவில்லை. குளத்தில் கல் போட்டும் அலை எழவில்லை என்றால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது. நீ சுதந்திரமானவள். நல்லபடியாக வாழ்.

சிங்ஷூ


கைஃபெங்
ஒன்பதாம் மாதம், கூடாரத் திருநாள் கழிந்து

அலை எழாத குளத்துக்கு வான்ரூ எழுதுவது. நான் நலமில்லை. ஊர் முழுவதும் நலம், சிரித்துச் சிரித்து உடம்பு நன்றாகிவிட்டது.

உங்கள் சீட்டை என் கையில் கொடுப்பதற்கு முன் எல்லோர் எதிரிலும் வாசிக்க வேண்டும் என்றார் வேதத் தலைவர் லி. ஆலய முற்றத்தில் கூடினோம். காவ் டிங்கும் வந்திருந்தார், புது அங்கி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இன்னாரோட மகன் இன்னாரு, இன்னாரோட மகளுக்கு... சரியா இருக்கு. நீ இனிமே எந்த ஆம்பளைய வேணும்னாலும் கட்டிக்கலாம்..." என்று நம் பேச்சில் பொருள் சொல்லிப் படித்துக்கொண்டே வந்தவர் நின்றார். சீட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "காவ் டிங்கைத் தவிர" என்று வாசித்தார்.

 தலைவர் சாட்சிகளைப் பார்த்தார்.

"இத நீங்க படிச்சுப் பாக்கலையா?"

"புனித மொழி எங்களுக்கு எங்கய்யா வருது?" என்றார் ஜாவ் காங். "போடுன்னாரு, போட்டோம். மலையேறி வந்த களைப்பு வேற."

"இது செல்லாது. விட்டா முழுசா விடணும். ஊர்ல ஒருத்தன மட்டும் நிறுத்தி வெச்சா, கயித்து நுனி இன்னும் புருஷன் கையிலதான் இருக்குன்னு அர்த்தம். இந்தம்மா இன்னும் அவர் பொண்டாட்டிதான்."

அப்போது அய் அக்கா சிரித்தாள் பாருங்கள். அவளைத் தொடர்ந்து முற்றமே சிரித்தது. காவ் டிங் காதுவரை சிவந்து, வாசலில் கழற்றி வைத்த செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். செருப்பை நான்தான் அப்புறம் கொடுத்தனுப்பினேன்.

உண்மையைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நானும் சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது. அமைதி, வெறுமை எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தால் அடியில் நான் இருக்கிறேன் என்று நினைத்து, தனியாக உட்கார்ந்து இரண்டு கிண்ணம் ரசம் குடித்தேன்.

காலையில் எழுந்தபோது சந்தோஷம் போய்விட்டது. அயலான் மனைவியை இச்சிக்காதே என்று கற்பலகையில் இருக்கிறது. தன் மனைவியை இச்சிக்காதே என்று எந்தப் பலகையிலும் இல்லை. நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். உங்கள் மனைவியாக இருந்தவரை என்னை வேண்டாம் என்றீர்கள். அயலான் மனைவியாகப் போகிறேன் என்றதும் இச்சை வந்துவிட்டது. சந்தில் இருக்கிற குருடன், கிழவன், குடிகாரன் எவனை வேண்டுமானாலும் நான் கட்டிக்கொள்ளலாம், உங்களுக்கு ஒன்றுமில்லை. எனக்கு நன்றாக இருக்கும் ஒருவர் மட்டும் கூடாது.

இது என்மேல் ஆசையா, காவ் டிங்மேல் பொறாமையா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆசை என்றால் இறங்கி வாருங்கள். பொறாமை மட்டும்தான் என்றால் தவிர எதுவும் போடாமல் வேறு சீட்டு எழுதுங்கள். இரண்டும் செய்யாமல் என்னைக் கட்டிப் போட்டுவிட்டு முள்ளங்கி தின்றுகொண்டிருந்தால் உங்கள் மூத்தவருக்கே எழுதுவேன்.

சளி பிடித்திருந்தால் இஞ்சி போடவும்.

இன்னும் உங்கள் மனைவி
வான்ரூ


கைஃபெங்
பதினோராம் மாதம்

கணவர் அவர்களுக்கு வான்ரூவின் வணக்கம். நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பதில் வரவில்லை. மா இரண்டு முறை போய் வந்துவிட்டார். இந்தத் தடவை உங்களைக் கல்மேல் பார்க்கவில்லை என்றார்.

பனி விழுகிறது. கடையில் வேலை குறைவு. கூரை ஒழுகவில்லை. ஓய்வுநாள் முடிந்த மாலைகளில் வெந்நீர் வைத்துக் குடிக்கிறோம். நிங் இருந்திருந்தால் இந்த மாதம் ஏழு வயது முடிந்திருக்கும். அவள் கல்லறையில் பனி தள்ளிவிட்டு வந்தோம்.

உங்கள் மூத்தவருக்கு நான் எழுதவில்லை. எழுதப் போவதுமில்லை. உங்களுக்கு எப்போது முடிகிறதோ அப்போது அனுப்புங்கள்.

குளிருக்குப் பஞ்சு வைத்துத் தைத்த அங்கி ஒன்று மாவிடம் கொடுத்திருக்கிறேன்.

வான்ரூ


ஹுவா மலை
பத்தாம் ஆண்டு, இரண்டாம் மாதம்

அன்புள்ள வான்ரூ, நலமா? நான் நலமில்லை. பிரித்துப் பார்க்கத்தான் செய்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, மற்றது எதுவும் நன்றாக இல்லை. அங்கி அளவாக இருக்கிறது.

'குடிக்கிறோம்' என்று எழுதியிருந்தாய். 'வந்தோம்' என்றும் எழுதியிருந்தாய். முந்தைய கடிதங்களில் காவ் டிங் பெயர் வரும் இடமெல்லாம் எனக்கு எரிந்தது. இந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் அந்தப் பெயர் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

தீட்சையை மூத்தவர் தள்ளிப்போட்டுவிட்டார். ஒரு நாள் காலை, மறப்பதற்காக எல்லோரும் உட்கார்ந்து எழுந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"காவ் டிங்னா யாருப்பா?"

"ஏன் கேக்கறீங்க?"

"உக்கார்ந்தா நீ அந்தப் பேரத்தான் முணுமுணுக்கற. பக்கத்துல இருக்கறவங்களும் எல்லாத்தையும் மறந்துடறாங்க, அந்தப் பேர மட்டும் மறக்க முடியல. சமையக்காரன் கஞ்சி கிண்டும்போதுகூட காவ் டிங், காவ் டிங்னு கிண்டறான்."

எல்லாவற்றையும் சொன்னேன், நான் எழுதிய சீட்டைப் பற்றியும். இருமல் வரும்வரை சிரித்தார். ஏதாவது உபதேசம் செய்வார் என்று காத்திருந்தேன். "முள்ளங்கி வெந்துச்சா பாரு, பசிக்குது" என்றார்.

நிங்கைப் பற்றி நான் எழுதவே இல்லை என்று கேட்டாய். அவள் கடைசியாகத் தண்ணீர் கேட்டபோது நான்தான் கிணற்றுக்கு ஓடினேன். குடத்தோடு திரும்பி வந்தேன். வாசலிலேயே உன் அழுகை கேட்டது. அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. மடத்துப் பெரியவர் தண்ணீரைத் திருப்பி ஊற்றுவதைப் பார்த்ததும் நான் ஏன் இங்கேயே உட்கார்ந்துவிட்டேன் என்று இப்போது உனக்குப் புரியும். இனி எதையும் விரும்பக்கூடாது என்று நினைத்தேன். விரும்பாமல் இருந்தால் எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இருக்காது அல்லவா? உன்னையும் அந்தக் கணக்கில்தான் விட்டேன். எப்போது அம்மை வருமோ, எப்போது ஆறு வருமோ என்று உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க என்னால் முடியவில்லை.

ஆசையா பொறாமையா என்று கேட்டாய். இரண்டும்தான். முதலில் வந்தது பொறாமை. அது எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்த்தேன், அங்கே நீ இருந்தாய். ரசக் கிண்ணத்தோடு இருந்தாய், அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய். எனக்கு உன் கையால் அந்த ரசம் வேண்டும். நீ வேண்டும். உன் திட்டு வேண்டும். இதைச் சொல்ல ஒன்றரை வருடம் மலைமேல் உட்கார வேண்டியிருந்தது.

ஜாவும் ஜாங்கும் மறுபடி வந்திருக்கிறார்கள். இந்தத் தடவை நான் வார்த்தை வார்த்தையாக அவர்களுக்குப் பொருள் சொன்ன பிறகே கையெழுத்து வாங்கினேன். ஆசையில்லாதவனாக நான் எழுதிய சீட்டு பொய்யாகிவிட்டது. இதை உன்மேல் முழு ஆசையோடு எழுதியிருக்கிறேன். இதில் யாரையும் தவிர்க்கவில்லை.  ஓரத்தில் மை சிந்தியிருக்கிறது, எழுத்தின்மேல் படவில்லை, செல்லும்.

காவ் டிங் நல்லவன். ஏணியும் ஏறுவான்.

ஜின் பாவ்லின்


கைஃபெங், நரம்பெடுப்போர் சந்து
மூன்றாம் மாதம், பஸ்காவுக்கு முன்

ஜின் பாவ்லின் அவர்களுக்கு, ஷி குடும்பத்து வான்ரூ எழுதுவது. கணவர் அவர்களுக்கு என்று தொடங்கப்போய்க் கை நின்றுவிட்டது. நலமா? நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதே முற்றம், அதே கூட்டம். தலைவர் லி இரண்டு தரம் படித்தார். இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை. "கைய நீட்டும்மா" என்றார். நீட்டினேன். ஜாவ் காங் சீட்டைப் போட்டார். உங்கள் கடிதத்தை நான் முந்தின நாளே படித்துவிட்டிருந்தேன். எத்தனை வருடமாக உங்கள் வாயிலிருந்து கேட்க நினைத்தேனோ அது முதல் நாள் வந்தது, விலக்கு மறுநாள் வந்தது. உங்களைத் தவிர யாருக்கும் இப்படிச் செய்யத் தோன்றாது. எல்லோர் எதிரிலும் அழுதேன். அய் அக்காகூடச் சிரிக்கவில்லை.

அந்தக் குடத்தை நான் பார்த்தேன். நீங்கள் வாசலில் நின்றதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டா இவ்வளவு தூரம் போனீர்கள்?

காவ் டிங் மாலையில் வந்தார். முதல் தடவையாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"வான்ரூ, இப்பக் கேக்கலாமா?"

"கேளுங்க."

"என்னக் கட்டிக்கிறியா?"

அவ்வளவுதான் சொன்னார். பனிக்காலம் முழுவதும் எனக்குத் துணையாக இருந்தவர் அவர்தான். அவரைக் கட்டிக்கொண்டால் நன்றாகத்தான் வாழ்வேன். உங்களைச் சீண்டுவதற்காக இதை எழுதவில்லை, சீண்டுவதெல்லாம் ஏழாம் மாதத்தோடு முடிந்துவிட்டது. பதில் சொல்ல நாள் வேண்டும் என்றேன். "எப்படியும் நாள் ஆகும்" என்று தலைகுனிந்து சொன்னார். அவர் வேதம் படித்தவர், அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்குத் தெரியாததால் தலைவர் லியிடம் போய்க் கேட்டேன். விலக்கு வாங்கியவள் வேறொருவரைக் கட்டிக்கொள்ள மூன்று மாதம் பொறுக்க வேண்டுமாம், வயிற்றில் பிள்ளை இருந்தால் யாருடையது என்று குழப்பம் வரக்கூடாதாம்.

"புருஷன் ஒன்றரை வருஷமா மலைமேல இருந்தாரு, இதுல என்னங்கய்யா கொழப்பம்?" என்றேன்.

"சட்டம்னா சட்டம்தான்" என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் சொன்னார். "நீ காவ் டிங்கக் கட்டிக்கிட்டா, அப்புறம் அவன் விட்டாலும் சரி, செத்தாலும் சரி, மொதப் புருஷன்கிட்டத் திரும்பவே முடியாது. அதுக்கு முன்னால மொதப் புருஷனே வந்து மறுபடி கேட்டான்னு வெச்சுக்க, அவனுக்கு மூணு மாசம் கெடையாது. வந்த அன்னிக்கே கட்டிக்கலாம். சும்மா சொல்லி வெச்சேன்."

சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எனக்குப் புனித மொழி வராது, ஆனால் அந்த ஒரு வரியை இரண்டு முறை உரக்க வாசித்துக் கேட்டாகிவிட்டது. எந்த ஆணை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். யாரையும் தவிர்க்கவில்லை. நீங்கள் உங்களையும் தவிர்க்கவில்லை.

காவ் டிங் கேட்டுவிட்டார். நீங்கள் வேண்டும் என்று எழுதினீர்கள், வரட்டுமா என்று கேட்கவில்லை. உங்களை வா என்று நான் கூப்பிடப் போவதில்லை, போன வருடமே கூப்பிட்டு அலுத்துவிட்டேன். வருவதானால் மற்றவர்களைப் போல வாசலில் நின்று, வாயைத் திறந்து, எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். சரி என்பேனா என்று இப்போது சொல்ல மாட்டேன். உங்களுக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும்.

மலைப்பாதையில் பிடித்து இறங்க இரும்புச் சங்கிலி போட்டிருக்கிறார்களாம், மா சொன்னார். கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். அதையும் பற்று என்று சொல்லி விட்டுவிடப் போகிறீர்கள்.

இப்போதைக்கு யார் மனைவியும் இல்லாத
ஷி வான்ரூ